செபதேயுவின் மனைவி கேட்ட இரண்டு இடங்கள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் ஒரு தாய் வருகிறார். அவருடைய பெயர் அங்கே சொல்லப்படவில்லை. செபதேயுவின் மக்களுடைய தாய் என்று மட்டுமே நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். யாக்கோபு, யோவான் என்ற தம் இரு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்து ஆண்டவர் முன் பணிகிறார். ஆண்டவருடைய ஆட்சி வரும்போது ஒருவன் அவருக்கு வலப்புறமும் மற்றவன் இடப்புறமும் அமர வேண்டும் என்கிறார். பிள்ளைகளுக்கு உடல்நலம் கேட்கவில்லை, நல்ல புத்தி கேட்கவில்லை. நம் காலத்து மொழியில் சொன்னால், இரண்டு ‘சீட்’ கேட்டார்.

மாற்கு இதே நிகழ்ச்சியைத் தம் 10-ஆம் அதிகாரத்தில் எழுதும்போது தாயைக் காணோம். மகன்கள் தாங்களாகவே வந்து கேட்கிறார்கள். திருத்தூதர்களின் நற்பெயரைக் காப்பாற்றத்தான் மத்தேயு தாயை முன்னே நிறுத்தினார் என்று விவிலிய அறிஞர்கள் சிலர் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் மே மாதத்தில் நம் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வாரம் இருந்து பார்த்த எவருக்கும் மத்தேயு எழுதியதை நம்புவதில் சிரமம் இராது.

ஆண்டவர் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை பாவம் அல்ல. ஆனால் அவர் கேட்டு முடித்த உடனே நடந்தது என்ன? மற்றப் பத்துப் பேரும் அந்த இரு சகோதரர்மேல் கோபங்கொண்டார்கள். கலிலேயாவின் சாலைகளில் ஒன்றாக நடந்து, ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டவர்கள், இரண்டு இருக்கைகளின் பேச்சு எழுந்தவுடன் இருவராகவும் பதின்மராகவும் பிரிந்துபோனார்கள். இன்றைக்கு நாம் சிந்திக்க விரும்புவது இதைத்தான். ‘யார் முதல்’ என்ற கேள்வியை ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து வைத்தால், அந்தப் பிள்ளைக்கும் அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கும் என்ன ஆகிறது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி புதியது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வரும் நாளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று படங்களோடு செய்தித்தாள்கள் நிறைந்திருந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். முதல் மூன்று இடம் பெற்ற பிள்ளைகளுக்கு இனிப்பு ஊட்டுகிற பெற்றோரின் படம் முதல் பக்கத்தில் வரும். 2017 மே மாதத்தில் தமிழக அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது. மதிப்பெண் மட்டும் வரும், ரேங்க் பட்டியல் வராது என்று அறிவித்தார்கள். மாணவரிடையே மன அழுத்தத்தையும் ஆரோக்கியமற்ற போட்டியையும் குறைப்பதே நோக்கம் என்றார்கள். அதை அடுத்து மொத்த மதிப்பெண்ணும் 1200-லிருந்து 600 ஆகக் குறைந்தது. இது நல்ல முடிவு என்றே நாம் கருதுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுதிய தேர்வில் ஏழெட்டுப் பேருடைய வெற்றியை மட்டும் கொண்டாடினால், மற்ற எல்லாருடைய உழைப்பும் ஒரே நாளில் ஒன்றுமில்லாததாகத் தோன்றிவிடுகிறது.

ஆனால் பட்டியலை நிறுத்தியதால் ஓட்டம் நின்றதா? அரசு வெளியிடாத பட்டியலைப் பள்ளிகள் தாங்களே தயாரித்துக்கொண்டன. முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ் பலகைகள் நிற்கின்றன. பலகைக்கு இடம் இல்லாத ஊரில் வாட்ஸ்அப் இருக்கிறது. பழைய கதையையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அது கிராமத்துப் பிள்ளைகளுக்கு அநீதி என்று சொல்லி 2006-இல் சட்டம் இயற்றி அதை நீக்கினார்கள். உடனே பிளஸ் டூ மதிப்பெண்ணே பந்தயமானது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் ‘கட் ஆஃப்’ கணக்கிட்டார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணால் ஒருவன் இந்தக் கல்லூரி, இன்னொருவன் அந்தக் கல்லூரி என்று ஆனது. எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் கணினி தரும் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். பன்னிரண்டு ஆண்டுப் படிப்பின் கடைசியில் நிற்பது ஒரு சீட்டுக் குலுக்கல்! திருத்தூதர் பணிகள் நூலில் மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். அங்கே தோற்ற யோசேப்பைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததாக எழுதப்படவில்லை.

அடுத்து நீட் வந்தது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கிய அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் மாணவி அனிதாவை 2017 செப்டம்பரில் நாம் இழந்தோம். அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இந்த மறையுரையில் நாம் போகவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். 2024-இல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் தேர்வை எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். எழுதிய அத்தனை பேரும் இரண்டு மடங்கு உழைத்திருந்தாலும் இடங்கள் ஒரு லட்சம்தான். ‘முயன்றால் முடியும்’ என்று நாம் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்கிறோம். தனித்தனியாக அது உண்மையாக இருக்கலாம். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் சொல்லும்போது அது உண்மை அல்ல.

கற்பது என்பது இப்படிப்பட்ட காரியமே அல்ல. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் 40 பேரும் வாய்ப்பாடு கற்றுக்கொள்ளலாம், 40 பேரும் பிழையின்றித் தமிழ் எழுதலாம். ஒருவன் கற்றுக்கொண்டதால் அடுத்தவனுக்குக் குறைந்துவிடாது. முதல் ரேங்க் மட்டும் ஒருவனுக்குத்தான். கற்பதையும் ரேங்க் எடுப்பதையும் ஒன்றாக்கிவிட்டால், குறையாத ஒரு செல்வத்தைக் குறைகிற செல்வமாக நாமே மாற்றிவிடுகிறோம்.

சென்ற ஆண்டுகளில் ஒருமுறை பங்கு இல்லத்துக்கு ஒரு தாய் மகனோடு வந்தார். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள். அப்பா இரவுப் பணி முடிந்து வந்து, மகனிடம் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிட்டாராம். “ஃபாதர், நீங்களே கேளுங்க. 548 தான் வாங்கியிருக்கான். எதிர் குவார்ட்டர்ஸ் பையன் 571” என்றார் அந்த அம்மா. 600-க்கு 548. அந்தத் தம்பி தலை நிமிரவில்லை. “எந்தப் பாடம் பிடிக்கும் தம்பி?” என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்தான். “தெரியல ஃபாதர்” என்றான். நம்மை அதிகம் உறுத்தியது அந்தப் பதில்தான். பன்னிரண்டு ஆண்டு படித்த பிள்ளைக்கு எதிர்வீட்டுப் பையனைவிட 23 மதிப்பெண் குறைவு என்பது தெரிகிறது. தனக்கு எது பிடிக்கும் என்பது தெரியவில்லை.

போட்டி பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1898-இல் அமெரிக்காவில் நார்மன் டிரிப்லெட் என்பவர் 40 சிறுவர் சிறுமியரைத் தூண்டில் நூல் சுற்றும் சக்கரத்தைச் சுற்ற வைத்தார். முதலில் தனியாக, பிறகு இன்னொரு பிள்ளைக்குப் போட்டியாக. 20 பேர் போட்டியில் வேகமாகச் சுற்றினார்கள். 10 பேருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் கை தடுமாறி, தனியாகச் சுற்றியதைவிட மோசமாகச் செய்தார்கள். ‘போட்டி இருந்தால்தான் பிள்ளை படிப்பான்’ என்பது பாதி உண்மை என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். சரியாகப் பாதி! நம் பிள்ளை எந்தப் பாதியில் இருக்கிறான் என்று பார்ப்பது நம் பொறுப்பு. நூல் சுற்றுவது கைவேலை, அதில் வேகம் போதும். புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்வதற்கு வேகம் போதாது. தவறு செய்து பார்க்கும் துணிவு வேண்டும். பக்கத்தில் இருப்பவன் முந்திவிடுவானோ என்ற பயம் இருக்கும் இடத்தில் அந்தத் துணிவு வராது.

1973-இல் இன்னொரு ஆய்வு. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிள்ளைகள் வரைந்தார்கள், சான்றிதழும் பெற்றார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பரிசு எதுவும் இல்லாமல் வண்ணப் பேனாக்களை மட்டும் மேசையில் வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே அவற்றைத் தொட்டார்கள். முன்பு ஆசைக்காகச் செய்தது, பிறகு கூலிக்கான வேலையாகிவிட்டது. கோடை விடுமுறையில் நடனம், செஸ், அபாகஸ், கீபோர்டு என்று பிள்ளைகளைச் சேர்க்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதமே ‘எப்போ ஃபாதர் காம்பெடிஷன்?’ என்கிறோம். 18 வயதில் உலகச் செஸ் பட்டம் வென்ற சென்னைப் பிள்ளை குகேஷைப் பற்றி நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் குகேஷைக் காட்டி நம் வீட்டுப் பிள்ளையைக் குத்துவதற்காக அவர் வென்றதாகத் தெரியவில்லை.

தோற்கிறவனுக்கு மட்டும்தான் பாதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. வெல்கிறவனுக்கும் உண்டு. 1998-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கணக்குகளைச் சரியாகப் போட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை ‘நீ அறிவாளி’ என்று பாராட்டினார்கள். இன்னொரு பகுதியினரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்று பாராட்டினார்கள். பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்து, எத்தனை சரி என்று வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதச் சொன்னார்கள். அறிவாளி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் ஏறத்தாழ 10-க்கு ஒருவர்தான். முதலிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளைக்கு, அங்கிருந்து இறங்குவது பொய் சொல்வதைவிடப் பெரிய பயமாகத் தெரிகிறது. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளின் தேர்வறைத் தவறுகளை வெறும் ஒழுக்கக் குறைவாக மட்டும் பார்ப்பது போதாது என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒன்று இருக்கிறது. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணை எடுக்க எடுக்க, அந்த நீர் கீழிருந்து தள்ளும். விட்டுவைத்தால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பிவிடும். ஆகவே இரவும் பகலும் பம்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தரை காய்ந்து கிடக்கிறது. பிள்ளைகளின் உள்ளமும் பல நேரம் அப்படித்தான். ‘அமைதியா இருக்கான், நல்லாப் படிக்கிறான்’ என்கிறோம். கீழே என்ன நிற்கிறது என்று பார்ப்பதில்லை. அளவான அழுத்தம் உடலை விழிக்க வைக்கும். நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கத்தையும் பசியையும் நினைவாற்றலையும் அரித்துவிடும். 13 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். படித்தது மூளையில் தங்குவதே தூக்கத்தில்தான். அதிகாலை டியூஷன், பள்ளி, மாலை கோச்சிங், இரவு டெஸ்ட் பேப்பர் என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கிறது? 2022-இல் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் காரணம் பலவாக இருக்கும், எல்லாமே படிப்பு அல்ல. ஆனாலும் அந்த எண்ணைப் படித்துவிட்டு ‘நம்ம வீட்ல அப்படியெல்லாம் இல்லை’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. இலங்கையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் டியூஷன் வகுப்புகளில் வாடுவதை அங்குள்ள நம் உறவினர்களிடம் கேட்டால் சொல்வார்கள். தென் கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வில் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்களையே நிறுத்திவைக்கிறார்கள். சீன அரசு 2021-இல் பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கோடு டியூஷன் நடத்துவதைத் தடை செய்யும் அளவுக்குப் போனது.

சரி, போட்டியே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக எடுத்தாள்கிறார். இஸ்த்மியப் போட்டிகள் நடந்த இடம் கொரிந்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவருடைய வாசகர்களுக்கு அந்த அரங்கு நன்றாகத் தெரியும். அவர் பந்தயத்தைப் பழிக்கவில்லை. வாடிப்போகும் முடிக்காக அவர்கள் அவ்வளவு உழைக்கிறார்களே, நாம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார். மாலையில் மைதானத்தில் ஓடி, தோற்று, முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, மறுநாள் அதே நண்பனோடு மறுபடி ஓடும் பிள்ளைக்குப் போட்டி நல்லது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் போட்டியும் முடிந்துவிடுகிறது. முடியாத போட்டிதான் ஆபத்து.

நம் திருச்சபைக்கும் இதில் நீண்ட அனுபவம் உண்டு. இயேசு சபையார் 1599-இல் தங்கள் கல்வி முறையை வகுத்தபோது, மாணவரிடையே போட்டியை ஒரு கருவியாகவே வைத்தார்கள். வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரிப்பார்கள். ஒன்றுக்கு ரோமாபுரி, மற்றொன்றுக்குக் கார்த்தேஜ் என்று பெயர் வைத்த கல்லூரிகளும் உண்டு. ஒவ்வொரு மாணவனுக்கும் எதிரணியில் ஓர் இணைப் போட்டியாளன் இருப்பான். இது சரியா தவறா என்று கல்வியாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம் கண்ணுக்குப் படுவது ஒன்று: அங்கே ஏறக்குறையச் சமமானவர்களை எதிரெதிரே நிறுத்தினார்கள், வென்றால் அணி முழுவதும் வென்றது. ஆகவே பின்தங்கிய மாணவனுக்குச் சொல்லிக்கொடுப்பது முன்னே இருப்பவனுக்கே ஆதாயம். இன்றைய ரேங்க் ஓட்டத்தில் நோட்டைக் கொடுத்தால் நஷ்டம் என்று ஒளித்துவைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

ஆனால் அணிப் போட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற அறிஞர், பதினொரு வயது வாக்கிலுள்ள 22 சிறுவர்களை ஒரு கோடைக்கால முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு குழுக்களாகப் பிரித்தார். எல்லாரும் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். சில நாள்கள் தனித்தனியே இருக்க விட்டு, பிறகு கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று பரிசுப் போட்டிகள் வைத்தார். சில நாள்களிலேயே வசைமொழி, கொடி எரிப்பு, இரவில் எதிரணியின் தங்குமிடத்தில் புகுந்து சூறையாடுதல் என்று ஆகிவிட்டது. சமாதானமாகச் சேர்ந்து சாப்பிட வைத்தார்கள். சோற்றை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். கடைசியில் உதவியது வேறொன்று. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனது, எல்லாரும் சேர்ந்து தேடித்தான் சரிசெய்ய வேண்டும். உணவு கொண்டுவரப் போகவேண்டிய லாரி கிளம்பவில்லை, எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். அவர்கள் இழுக்கப் பயன்படுத்தியது, முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே கயிறு! இப்படிப் பல வேலைகளைச் சேர்ந்து செய்தபின் பகை கரைந்தது. வீடு திரும்பும்போது ஒரே பேருந்தில் போக வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களே கேட்டார்கள்.

சுரங்கத்தில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இது ஆச்சரியம் தராது. பக்கெட் வீல் வெட்டுகிறது, கன்வேயர் சுமக்கிறது, ஸ்பிரெடர் மண்ணைக் கொட்டுகிறது. இதில் எது முதல் ரேங்க்? ஒரு பெல்ட் நின்றால் எல்லாம் நிற்கும். நாளெல்லாம் அப்படி வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, ‘பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்து’ என்று மகனிடம் சொல்கிறோமே, அதுதான் புரியவில்லை.

மாற்று வழி நம் மண்ணிலேயே தேடப்பட்டது. 1989-இல் மாநிலங்களவையில் எழுத்தாளர் ஆர். கே. நாராயண், புத்தகப் பை சுமந்து முதுகு வளையும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். பின்னர் 1992-இல் மத்திய அரசு அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1993-இல் வந்த அதன் அறிக்கை, பையின் எடையைவிட, புரியாமல் படிப்பதே பெரிய சுமை என்றது. தனிநபர் வெற்றிக்குப் பரிசு தரும் போட்டிகள் பிள்ளைகளின் கற்கும் மகிழ்ச்சியைப் பறிக்கின்றன, அவற்றைக் குறைத்துக் குழுவாகச் செய்யும் முயற்சிகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம். பி. விஜயகுமார் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளைக் கொண்டு, தத்தம் வேகத்தில் ஏணிப்படிகளில் ஏறுவார்கள். இரண்டு நாள் காய்ச்சலில் இருந்து வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரலாம். எல்லாப் பள்ளிகளிலும் அது ஒரே சீராக நடக்கவில்லை என்பதை ஆசிரியர்களாக இருக்கும் நம் பங்குமக்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஏணியில் ஒருவன் ஏற இன்னொருவன் இறங்க வேண்டியதில்லை.

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து வாங்கியவர் பத்தாக்கினார், இரண்டு வாங்கியவர் நான்காக்கினார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைவர் இருவருக்கும் சொல்லும் பாராட்டு ஒன்றே. பத்துக்கு ஒரு பாராட்டு, நான்குக்கு வேறு பாராட்டு என்று இல்லை. ‘அவனைப் பார், பத்து கொண்டுவந்திருக்கிறான்’ என்று நான்கு கொண்டுவந்தவரிடம் அவர் சொல்லவும் இல்லை. மூன்றாமவர் ஏன் புதைத்தார்? பயத்தினால். அதை அவரே சொல்கிறார். பயந்த பிள்ளை தன்னிடம் உள்ளதை மண்ணில் புதைத்துவிடும்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா சிறுமியாக இருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. விண்ணகத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு மகிமை இல்லையென்றால், குறைவாகப் பெற்றவர்கள் வருந்த மாட்டார்களா? அவருடைய அக்காள் பவுலின், அப்பாவின் பெரிய டம்ளரையும் தையல்காரர் விரலில் மாட்டும் சின்னஞ்சிறு உறையையும் எடுத்துவரச் சொன்னார். இரண்டையும் தண்ணீரால் நிரப்பினார். எது அதிகம் நிறைந்திருக்கிறது என்று கேட்டார். இரண்டும் நிறைந்துதான் இருந்தன. இன்னொரு சொட்டுக்கு இரண்டிலும் இடமில்லை. மறைக்கல்வி ஆசிரியர்கள் இதைப் பிள்ளைகளிடம் செய்து காட்டலாம். பெற்றோர் கூட்டத்தில் செய்து காட்டினால் இன்னும் நல்லது.

செபதேயுவின் மனைவியை மத்தேயு இன்னொரு முறை நமக்குக் காட்டுகிறார். 27-ஆம் அதிகாரத்தில், கல்வாரியில் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பெயர்களில் கடைசியாக அவர் வருகிறார். அங்கிருந்து அவர் பார்த்தபோது ஆண்டவரின் வலப்புறமும் இடப்புறமும் இருந்தவர்கள் இரு கள்வர்கள். தம் மகன்களுக்கு அவர் கேட்ட இடங்கள் அவை. அன்று அவர் மனத்தில் என்ன ஓடியது என்று நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் அவர் அங்கிருந்து ஓடிப்போகவில்லை. சீட் கிடைக்காத பிறகும் ஆண்டவரை விடாத தாய் அவர்.

இனி நடைமுறைக்கு வருவோம். தேர்வு முடிவு வரும் நாளில் மதிப்பெண்ணை முதலில் உறவினர் குழுவில் போடாதீர்கள். அது பிள்ளையின் எண், யாருக்குச் சொல்வது என்று பிள்ளை முடிவு செய்யட்டும். ‘அவன் எவ்வளவு?’ என்ற கேள்வியை அன்று ஒருநாளாவது வீட்டுக்குள் விடாதீர்கள். அன்று இரவுப் பணி இருக்கிற அப்பாக்கள் முடிந்தால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் புறப்படுமுன் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பேசாமல் படுத்துக்கொள்வது திட்டுவதைவிடக் கொடிய தண்டனை. அன்பிய ஒருங்கிணைப்பாளர்கள் தங்கள் பகுதியில் தேர்வு எழுதிய பிள்ளைகள் எல்லாரையும் போய்ப் பாருங்கள். அதிக மதிப்பெண் எடுத்த வீட்டுக்கு மட்டும் இனிப்போடு போக வேண்டாம். விவிலிய வினாடி வினா, குடில் போட்டி, பாடல் போட்டி நடத்தும் இளையோர், பெரியவர்களையும் சிறியவர்களையும் கலந்து குழு அமைத்து நடத்திப் பார்க்கலாம்.

ஒரு பாடத்தில் தவறியவர்களுக்கு அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறி அதே ஆண்டு கல்லூரியில் சேரலாம், ஆண்டு வீணாகாது. விண்ணப்பிக்கும் நாள்கள் குறைவு என்பதால் பள்ளியில் உடனே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் ஒரு வார்த்தை சொன்னாலோ, தனியே விடாதீர்கள், உடனிருந்து பேசுங்கள். 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. பெற்றோரும் அழைக்கலாம். முடிவு வெளியாகும் நாளன்று பங்கு இல்லத்தின் கதவு இரவு வரை திறந்திருக்கும். வரும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல் கொண்டு வரத் தேவையில்லை.